கொக்கைப் பாடினால் ஏன் கைது? அரசியல் இசைக்கு ஓர் எளிய அறிமுகம்

வள்ளி திருமணம் நாடகத்தில் ஒரு காட்சி. தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டிக்கொண்டிருக்கிறாள். வேலன் வேடத்தில் வந்து நிற்கும் ராஜபார்ட் நடிகர், 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாட்டை எடுக்கிறார். கதைக்கு ஒரு குறையும் இல்லை. புனம் இருக்கிறது, கதிர் இருக்கிறது, விரட்டவேண்டிய பறவையும் இருக்கிறது. ஆனால் பாட்டில் வரும் கொக்கு வெள்ளைக் கொக்கு. அது எந்தக் கடலைத் தாண்டி வந்த கொக்கு என்று கொட்டகையில் உட்கார்ந்திருந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. போலீசுக்கும் தெரியும்.

பாடியவர் எஸ்.எஸ். விஸ்வநாததாஸ். சிவகாசியில் 1886ல் பிறந்தவர். முடிதிருத்தும் சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதற்காகவே அவரோடு ஜோடி சேர்ந்து நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. மேடையில் பாடியதற்காக அவர் கைதானது 29 முறை என்று சொல்வார்கள். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னையில், அதே வள்ளி திருமணத்தில், முருகன் வேடத்தோடு மயில் மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது.

அந்தக் கொக்குப் பாட்டை ஒரு தாளில் எழுதி யாரிடமாவது நீட்டிப் பாருங்கள். குழந்தைகளுக்கான பாட்டு என்பார்கள். அதையே அந்த ஆள், அந்த மேடையில், அந்தக் கூட்டத்தின் நடுவே பாடினால் ராஜத்துரோகம். தாளில் இல்லாத ஏதோ ஒன்று மேடையில் வந்து சேர்ந்துவிடுகிறது. அது என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை. எனக்குப் பிடித்த சில பாடகர்களை வைத்தே சொல்லிப் பார்க்கிறேன். எல்லா நாட்டையும் எல்லாக் காலத்தையும் தொடும் உத்தேசம் இல்லை.

அரசியல் பாட்டு என்றதும் பலருக்கும் நினைவு வருவது தேர்தல் நேரத்து ஆட்டோ. மேலே ஸ்பீக்கர் கட்டி, பழைய சினிமா மெட்டில் வேட்பாளர் பெயரைச் செருகித் தெருத்தெருவாக ஓடவிடுவார்கள். அது பிரச்சாரப் பாட்டு. அதை நான் மட்டமாகச் சொல்லவில்லை. நாகூர் ஹனிபாவின் குரலைக் கேட்பதற்காகவே கட்சிக் கூட்டத்துக்குப் போனவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். ஆனால் பிரச்சாரப் பாட்டின் வேலை வேறு. ஏற்கெனவே முடிவான ஒன்றை ஊருக்குத் தெரியப்படுத்துவதோடு அதன் வேலை முடிந்துவிடும். நான் பேச நினைப்பது அதைவிடக் கொஞ்சம் வில்லங்கமான சரக்கு.

அடுத்ததாக நினைவு வருவது கோபமான வரிகள். 'எழுந்து வா', 'உடைத்தெறி' மாதிரி. வரி சூடாக இருந்தால் பாட்டு அரசியல் பாட்டு, இல்லையென்றால் இல்லை என்று நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பாதிதான் சரி. பாட்டின் அரசியல் அதன் மெட்டில் இருக்கலாம், வாத்தியத்தில் இருக்கலாம், பாட்டின் நீளத்தில்கூட இருக்கலாம். எந்த மொழியில், யார், எங்கே நின்று, எந்த உடை போட்டுக்கொண்டு பாடுகிறார் என்பதில் இருக்கலாம். பல சமயம் வரியை மெட்டு ஜெயித்துவிடும். அப்படி ஜெயித்த கதையை முதலில் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1984ல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' என்றொரு பாட்டை வெளியிட்டார். வியட்நாம் போருக்கு அனுப்பப்பட்ட ஒரு சாதாரண ஊர்க்காரன் திரும்பி வருகிறான். வேலை கேட்டுப் போன இடத்தில் கையை விரிக்கிறார்கள். உடன்பிறந்தவன் போரோடு போய்விட்டான். போவதற்கு ஓர் இடமில்லை. இதுதான் பாட்டு. ஆனால் கேட்டவர் காதில் விழுந்தது இதுவா? இடி மாதிரி டிரம்ஸ், எக்காளம் ஊதுவது போன்ற கீபோர்டு, 'நான் அமெரிக்காவில் பிறந்தவன்' என்று தொண்டை கிழியக் கத்தும் பல்லவி. ஸ்டேடியத்தில் கொடியை ஆட்டிக்கொண்டு பாடினார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் தேர்தல் பிரச்சாரத்துக்காக நியூ ஜெர்சி வந்த அதிபர் ரீகன், நம்பிக்கை தரும் பாட்டுகளைப் பாடுபவர் என்று ஸ்பிரிங்ஸ்டீனைப் புகழ்ந்துவிட்டுப் போனார். ஸ்பிரிங்ஸ்டீன் ரசிக்கவில்லை.

இதே பாட்டை 1982ல் அவர் வீட்டில் தனியாகக் கிதார் வைத்துக்கொண்டு கேசட்டில் பதிந்திருக்கிறார். பிற்பாடு வெளியானது, இப்போது யூடியூபிலேயே கிடைக்கும். டிரம்ஸ் இல்லை. முனகல் மாதிரி ஒரு குரல். அதைக் கேட்டுவிட்டு யாரும் கொடி ஆட்ட மாட்டார்கள். பாட்டு ஒன்றுதான், போட்டுக்கொண்ட சட்டைதான் வேறு. தவறு ரீகனுடையது மட்டும் இல்லை என்பது என் எண்ணம். மெட்டு அப்படித்தான் கூப்பிட்டது, அவர் போனார்.

சரி, மெட்டையும் மேடையையும் தெரிந்தே ஆயுதமாக்கியவர்களும் உண்டு.

நியூயார்க் பள்ளி ஆசிரியர் ஏபெல் மீரோபோல் ஒரு புகைப்படத்தைப் பார்க்கிறார். இரண்டு கறுப்பின இளைஞர்களை ஒரு கும்பல் அடித்துக் கொன்று மரத்தில் தொங்கவிட்டிருக்கிறது. கீழே கூட்டம் நின்று வேடிக்கை பார்க்கிறது. அந்தப் படம் அவரை விடவில்லை. தெற்கத்தி மரங்களில் விசித்திரமான பழம் காய்க்கிறது என்று தொடங்கும் ஒரு கவிதை எழுதினார். 1937ல் ஆசிரியர் சங்கப் பத்திரிகை ஒன்றில் வந்தது. பிறகு மெட்டும் போட்டார். அதுதான் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்'.

1939ல் அது கறுப்பின ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேவிடம் வந்து சேர்ந்தது. அவர் பாடிக்கொண்டிருந்த கஃபே சொசைட்டி என்ற கிளப், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூடத்தில் உட்காரலாம் என்றிருந்த அபூர்வமான இடம். கிளப் என்றால் தெரியுமே, கண்ணாடி டம்ளர் சத்தம், பேச்சு, சிரிப்பு, சர்வர்களின் ஓட்டம். இந்தப் பாட்டுக்கென்று சில விதிகள் வைத்தார்கள். கச்சேரியில் இதுதான் கடைசிப் பாட்டு. பாடும்போது சர்வர்கள் எதையும் பரிமாறக்கூடாது. கூடம் முழுக்க விளக்கை அணைத்துவிட்டு ஹாலிடேவின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம். பாடி முடித்ததும் அந்த வெளிச்சமும் அணையும். மறுபடி விளக்கு வரும்போது மேடையில் ஆள் இருக்க மாட்டார். எவ்வளவு கைதட்டினாலும் திரும்பி வந்து வணங்கக் கிடையாது, இன்னொரு பாட்டும் கிடையாது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பாட்டில் யாரிடமும் ஒரு கோரிக்கை இல்லை. சட்டம் கொண்டுவா என்று சொல்லவில்லை. கொன்றவன் யார் என்றுகூடச் சொல்லவில்லை. மரம், இலை, வேர், காற்று, பூவின் வாசம், காக்கை என்றே போகிறது. ஒரு தோட்டத்தை வர்ணிப்பதுபோல. வர்ணனையின் நடுவே அந்தப் பழம் என்னவென்று உறைக்கும்போது கேட்பவர் கையில் மது டம்ளர் இருக்கிறது, ஓடி ஒளிய வெளிச்சமும் இல்லை. கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாத அந்தச் சில விநாடிகள்தான் பாட்டின் உண்மையான சரணம் என்று எனக்குத் தோன்றும். அவரோடு ஒப்பந்தத்தில் இருந்த கொலம்பியா கம்பெனி இதைப் பதிவுசெய்ய ஒத்துக்கொள்ளவில்லை. கமடோர் என்ற சின்ன கம்பெனி 1939 ஏப்ரலில் பதிந்தது.

இன்னொரு கறுப்பினப் பாடகி நினா சிமோன் இதற்கு நேர் எதிர்வழி போனவர். 1963ல் அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் ஒரு தேவாலயத்தில் குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். அந்தச் சேதி கேட்ட வேகத்தில் அவர் எழுதிய 'மிசிசிப்பி காட்டேம்' பாட்டு துள்ளலான மெட்டில் இருக்கிறது. மேடை நாடகத்தில் கால் தூக்கி ஆடும் பெண்களுக்குப் போடுவார்களே, அந்த மாதிரி. 1964ல் கார்னகி ஹாலில் பாடிய பதிவில் ஆரம்பத்தில் கூட்டம் சிரிப்பது கேட்கும். வேடிக்கைப் பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். பாட்டு போகப் போகச் சிரிப்பு அடங்குவதும் கேட்கும். அந்த அடங்கலையும் சேர்த்துத்தான் அவர் இசையமைத்தார் என்பேன்.

நம் பக்கத்தில் பாரதி செய்ததும் இந்த வகைதான். நாட்டு விடுதலையைப் பாட அவர் கையில் வேறு எத்தனையோ வடிவங்கள் இருந்தன. அவர் எடுத்தது பள்ளு, அதாவது வயலில் இறங்கி உழுதவர்களின் பாட்டு. 'ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோ'மென்று இறந்தகாலத்தில் வேறு எழுதினார். அடையவே இல்லை அப்போது. 1921ல் அவரும் போய்விட்டார். 1947 ஆகஸ்ட்டில் டி.கே. பட்டம்மாள் வானொலியில் அதைப் பாடியபோதுதான் அந்த வினைமுற்றுக்குப் பொருள் வந்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்தவரிடம் வருகிறேன். நைஜீரியாவின் ஃபெலா குட்டி.

முதல்முதலில் அவருடைய 'ஸோம்பி'யைக் கேட்டபோது எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. ஆடத் தோதான பாட்டு என்று மட்டும் தெரிந்தது. பாத்திரம் துலக்கிக்கொண்டே ஒரு வாரம் கேட்டிருப்பேன். அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டின் பின்விளைவாக ஒரு வீடு எரிந்தது, ஒரு தாய் இறந்தார் என்று படித்தேன்.

ஃபெலா 1938ல் அபியோகுட்டா என்ற ஊரில் பிறந்தவர். அம்மா ஃபுன்மிலாயோ ரான்சம்-குட்டி சாதாரண ஆள் இல்லை. பிரிட்டிஷ் ஆட்சியின்போது சந்தைப் பெண்கள் மேல் போட்ட வரிக்கு எதிராக ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டிப் போராடியவர். அந்தப் போராட்டத்தால் உள்ளூர் அரசரே 1949ல் முடி துறந்து ஊரைவிட்டுப் போகவேண்டியதாயிற்று. பிள்ளை லண்டனுக்குப் போய் இசை படித்துவிட்டு வந்தார். 1969ல் அமெரிக்கா போன இடத்தில் கறுப்பின விடுதலை இயக்கத்தோடு தொடர்பு ஏற்பட்டு, மால்கம் எக்ஸின் சுயசரிதையைப் படித்தார். வேறு ஆளாகத் திரும்பினார்.

அவர் இசைக்கு ஆஃப்ரோபீட் என்று பெயர். மேற்கு ஆப்பிரிக்காவின் ஹைலைஃப், ஜாஸ், ஜேம்ஸ் பிரவுன் வகை ஃபங்க், யொரூபா மேளம் எல்லாம் கலந்தது. கூடவே டோனி ஆலன் என்ற டிரம்மர். அவர் இல்லாமல் அந்தத் தாளக்கட்டு உருவாகியிருக்காது. மேடையில் பெரிய பட்டாளமே இருக்கும். ஒவ்வொருவருக்கும் சின்ன வேலை. ஒரு கிதார் நாலே நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கும். இன்னொன்று அதன் இடைவெளியில் புகுந்து வேறு நாலு சுரம். தனித்தனியாகக் கேட்டால் ஒன்றுமே இல்லை, சேர்த்துக் கேட்டால் உட்கார முடியாது.

இப்போது நீளத்துக்கு வருகிறேன். அவர் பாட்டுகள் பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், சில இருபதையும் தாண்டும். இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு. மூன்று நிமிடத்தில் முடி என்று சொல்வது ரேடியோவின் கட்டாயம். நைஜீரியாவில் அப்போது ரேடியோ அரசாங்கத்தின் கையில் இருந்தது. அரசாங்கத்தைத் திட்டும் பாட்டை அரசாங்க ரேடியோ போடப்போவதில்லை. அப்படியிருக்க அதன் அளவுக்கு எதற்காகச் சட்டை தைக்கவேண்டும்? லேகோஸ் நகரத்தில் 'ஷ்ரைன்' என்ற தன் சொந்தக் கிளப்பில் இரவு முழுக்க வாசித்தார். பாட்டுக்கு நடுவே நிறுத்திப் பேசுவார், கூட்டத்தைச் சீண்டுவார், அன்றைய செய்தித்தாளைப் பற்றிக் கிண்டலடிப்பார், மறுபடி சாக்ஸபோனை எடுப்பார். ஒருமுறை ஒலிப்பதிவு செய்துவிட்ட பாட்டை மேடையில் திரும்ப வாசிக்க மாட்டார். புதிதாக எழுதியதைத்தான் வாசிப்பார். 'நேயர் விருப்பம்' கேட்டு அவரிடம் ஒன்றும் நடக்காது.

மொழியும் அப்படித்தான். தாய்மொழி யொரூபா. படித்தது சுத்தமான ஆங்கிலம். பாடியது இரண்டும் இல்லாத பிட்ஜின் ஆங்கிலத்தில். சந்தையிலும் பஸ் ஸ்டாண்டிலும் பேசுவது அது. நூற்றுக்கணக்கான மொழி இருக்கிற நாட்டில், யொரூபாவில் பாடினால் ஒரு இனத்துப் பாடகர். லண்டன் ஆங்கிலத்தில் பாடினால் படித்தவர்களுக்கு மட்டுமான பாடகர். பிட்ஜினில் பாடினால் நைஜீரியாவைத் தாண்டி கானாவிலும் சியரா லியோனிலும் பஸ் ஓட்டுபவருக்குப் புரியும்.

'ஸோம்பி' வந்தது 1976ல். நாட்டில் ராணுவ ஆட்சி. பாட்டில் ஃபெலா வாய் திறக்கவே பல நிமிடங்கள் ஆகும். அதுவரை கிதாரும் பித்தளை வாத்தியங்களும் சாக்ஸபோனும்தான். நீங்கள் ஆட ஆரம்பித்திருப்பீர்கள். அப்புறம் குரல் வரும். போ என்றால்தான் போவான், நில் என்றால்தான் நிற்பான், யோசி என்றால்தான் யோசிப்பான் என்று ஒரு நடைபிணத்தை வர்ணிக்கிறார். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பெண்கள் கோரஸாக 'ஸோம்பி' என்கிறார்கள். நம் வில்லுப்பாட்டில் புலவர் ஒரு வரி சொன்னதும் பக்கப்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்களே, அதே உத்தி. அந்த 'ஆமா'வில் பாதிக் கதை நடந்துவிடும்.

கொஞ்ச நேரத்தில் வர்ணனை நின்று கட்டளை தொடங்குகிறது. அட்டென்ஷன், குயிக் மார்ச், லெஃப்ட் டர்ன், ரைட் டர்ன், சல்யூட். பாசறையில் காலையில் கேட்கும் அதே சொற்கள். இதில் ஒரு குறும்பு இருக்கிறது. தாளம் உங்களை ஏற்கெனவே ஆட்டிவைத்துக்கொண்டிருக்கிறது. அதன் மேல் அவர் லெஃப்ட் டர்ன் என்கிறார். சிப்பாயைக் கிண்டல் செய்யும் பாட்டுக்கு நாமும் சிப்பாய் மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறோம் என்று உறைக்கிற இடம் அது. எத்தனை முறை கேட்டாலும் அந்த இடத்தில் எனக்கு ஒரு சிரிப்பும் ஒரு சங்கடமும் சேர்ந்தே வரும். ராணுவத்தை எதிர்த்து ஒரு சொற்பொழிவு ஆற்றியிருந்தால் அதிகாரிகள் அறிக்கை விட்டு முடித்திருப்பார்கள். தெருவில் பிள்ளைகள் சிப்பாயைப் பார்த்து 'ஸோம்பி' என்று பாட ஆரம்பித்தால் என்ன அறிக்கை விடுவது?

ஃபெலாவின் வீட்டுக்கு 'கலகூட்டா குடியரசு' என்று பெயர். பெயரில் நம்ம கல்கத்தா ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர் அடைபட்டிருந்த ஒரு போலீஸ் லாக்கப்புக்குக் கைதிகள் வைத்திருந்த பட்டப்பெயர் அது, சின்ன அறையில் அடைக்கப்பட்ட கைதிகள் மூச்சுத் திணறி இறந்ததாகச் சொல்லப்படும் கல்கத்தாவின் 'இருட்டறை'க் கதையிலிருந்து வந்தது. அதையே வீட்டுக்கு வைத்தார். உள்ளே இசைக்குழு, ஒலிப்பதிவுக் கூடம், ஒரு இலவச மருத்துவமனை. 1977 பிப்ரவரி 18 அன்று சுமார் ஆயிரம் ராணுவத்தினர் வந்து அந்த வீட்டைச் சூழ்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களை அடித்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள், வீட்டைக் கொளுத்தினார்கள். ஒலிநாடாக்கள் எரிந்தன. வயதான அம்மாவை ஜன்னல் வழியாகத் தூக்கி வெளியே எறிந்தார்கள். மறு வருஷம் அவர் இறந்தார்.

அரசு விசாரணை நடத்தியது. யாரோ அடையாளம் தெரியாத சிப்பாய்கள் செய்தது என்று கோப்பை மூடியது. ஃபெலா செய்த முதல் காரியம், 'அன்நோன் சோல்ஜர்', அதாவது அடையாளம் தெரியாத சிப்பாய் என்ற தலைப்பிலேயே ஒரு பாட்டைப் போட்டது. இரண்டாவது, அம்மாவின் பெயரில் ஒரு சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்களோடு போய், ஆட்சித் தலைவர் ஒபசான்ஜோ இருந்த டோடன் ராணுவ முகாமின் வாசலில் வைத்துவிட்டு வந்தது. அதையும் பாட்டாக்கினார். இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். கோபத்தைவிடக் களைப்புதான் அதில் அதிகம். என்னைக் கேட்டால் அவர் செய்ததிலேயே கனமான பாட்டு அதுதான்.

1984ல் வெளிநாட்டுப் பணம் கடத்தினார் என்று வழக்குப் போட்டு உள்ளே தள்ளினார்கள். அம்னெஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனசாட்சிக் கைதி என்று அறிவித்தது. 1986ல் வெளியே வந்தார். 1997ல் இறந்தபோது லேகோஸ் நகரமே தெருவுக்கு வந்தது.

ஃபெலாவைத் தெய்வமாக்குபவர்களிடம் ஒன்று சொல்லவேண்டும். பெண்களைப் பற்றிய அவர் எண்ணம் மோசம். 1978ல் ஒரே நாளில் 27 பெண்களை மணந்தார். சுயமாக நிற்கும் பெண்ணைக் கேலி செய்யும் பாட்டு ஒன்று அவரிடம் உண்டு, அருமையான மெட்டு வேறு. ஆயிரக்கணக்கான பெண்களைத் திரட்டிய தாயின் பிள்ளை இப்படி. எய்ட்ஸ் என்ற நோயை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. அவர் இறந்தது அதனால்தான் என்று வெளியே சொன்னவர், நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்த அவருடைய சொந்த அண்ணன். ஒரு அதிகாரத்தைத் துல்லியமாகப் பார்த்த கண், தன் வீட்டுக்குள் இருந்த இன்னொரு அதிகாரத்தைப் பார்க்கவில்லை. நான் பாட்டை விட்டுவிடவில்லை, இதை மறைத்துப் பேசவும் விரும்பவில்லை.

வாத்தியமே அரசியலாவது எப்படி என்று தெரிய சிலி நாட்டுக்குப் போகவேண்டும். அங்கே 1960களில் 'புதிய பாட்டு' என்றொரு இயக்கம். வயலெட்டா பார்ரா ஊர் ஊராகப் போய் கிராமத்துப் பாட்டுகளைச் சேகரித்தார். அவர் வழி வந்தவர் விக்டர் ஹாரா, நாடக இயக்குநர், பாடகர். நகரத்து மேடைகளில் ஆண்டீஸ் மலை மக்களின் கேனா என்ற குழலும் சாராங்கோ என்ற சின்னத் தந்தி வாத்தியமும் ஒலிக்க ஆரம்பித்தன. 1973 செப்டம்பர் 11 அன்று, இந்தப் பாடகர்கள் ஆதரித்த இடதுசாரி அரசைக் கவிழ்த்து ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஹாராவைப் பல்கலைக்கழகத்தில் பிடித்து ஒரு விளையாட்டு அரங்கத்தில் அடைத்து, அடித்து, சுட்டுக் கொன்றார்கள். உடலில் 44 குண்டுகள். இப்போது அந்த அரங்கத்துக்கே அவர் பெயர்தான். கொலைக்காக முன்னாள் ராணுவத்தினர் ஏழு பேரின் தண்டனையை சிலி உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது 2023ல், ஐம்பது வருஷம் கழித்து.

நான் சொல்லவந்தது அதற்குப் பின் நடந்தது. அந்த வாத்தியங்களின் ஓசை வந்தாலே போன ஆட்சியின் வாசனை என்று ராணுவம் முகம் சுளித்தது. கேனாவும் சாராங்கோவும் வெளியே தலைகாட்ட முடியவில்லை. அப்போது பர்ரோகோ ஆண்டினோ என்ற குழு ஒன்று கிளம்பியது. அவர்கள் வாசித்தது பாஹ் முதலான பழைய ஐரோப்பிய மேதைகளின் இசையை. வாசித்த இடங்களில் தேவாலயங்களும் உண்டு. குறைசொல்ல ஏதாவது இருக்கிறதா? ஆனால் வாசித்த வாத்தியங்கள் கேனாவும் சாராங்கோவும். பாடலில் ஒரு சொல் இல்லை, பாஹ் எழுதியதில் ஒரு சுரம் மாறவில்லை. உட்கார்ந்து கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்தது. வெள்ளைக் கொக்கு போலத்தான்.

இங்கே பறை தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. சாவு வீட்டுக்கென்று ஒதுக்கி, அடிக்கிறவர்களையும் ஒதுக்கி வைத்த ஒரு வாத்தியத்தை மேடையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்துவது, ஒரு வரியும் பாடுவதற்கு முன்பே பாதிப் பேச்சைப் பேசிவிடுகிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதியற்றவர் என்ற பெயருக்குப் பின்னால் தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் இருக்கிறார். எல்லாரும் அம்பேத்கரை நினைவூட்டும் கோட்டு சூட்டில் நின்றார்கள். வடசென்னையின் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடப்பட்ட கானா ஒரு பக்கம், ராப்பும் ராக்கும் இன்னொரு பக்கம். பறையும் சட்டியும் பேஸ் கிதாரும் ஒரே வரிசையில். ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவை இசைவாணி பாடினார். 2020ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் பெயர் வந்தது.

அவர்கள் பாட்டு சிலவற்றில் வரிகள் மேடைப்பேச்சு மாதிரி நேரடியாக இருப்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தும். இட ஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில் வாதம் எல்லாம் சரி, ஆனால் வாதமாகவே நிற்கிறது என்று எனக்குப் படுகிறது. அதே குழு மாட்டுக்கறியைப் பற்றிப் பாடும்போது நாக்கில் எச்சில் ஊறும் உற்சாகத்தோடு பாடுகிறது. உன் தட்டைப் பார்த்து முகம் சுளிக்கிறவனுக்கு முன்னால் சப்புக்கொட்டிச் சாப்பிடுவதைவிடப் பெரிய பதில் என்ன இருக்கிறது?

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் எதில் தொடங்கலாம் என்று கேட்டால், பாடல் வரிகளைத் தேடி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள் என்பேன். முதல்முறை வரி தெரியாமலே கேளுங்கள். எந்த வாத்தியம் முன்னால் நிற்கிறது, கூட்டம் சிரிக்கிறதா அடங்குகிறதா, பாடுகிறவர் யாரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது என்று கவனியுங்கள். வரியை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளலாம். நினா சிமோனுக்குக் கார்னகி ஹால் பதிவையே தேடி எடுங்கள், அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காக. ஸ்பிரிங்ஸ்டீனை இரண்டு விதமாகவும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். 'ஸோம்பி'யைப் போட்டால் பாட்டு எப்போது வரும் என்று பொறுமை இழந்து தள்ளிவிடாதீர்கள். கால் தானாகத் தாளம் போட ஆரம்பிக்கும். அவர் 'லெஃப்ட் டர்ன்' சொல்வது அதற்குப் பிறகுதான்.